குறுக்கே வந்து நிற்பவரும் மனதுருக்கமும்: நடைமுறையில் எப்படி?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேதபாடக் குழுவில் மாற்கு 5-ஆம் அதிகாரத்தை எடுக்கும்போதெல்லாம் எழுகிற கேள்வி இது. "இயேசுவைப் போல நாமும் குறுக்கே வருகிறவர்களிடம் மனதுருகவேண்டும்" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். மறுநாள் வேலையின் நடுவில் ஒருவர் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. கையிலிருப்பதை அப்படியே போட்டுவிடணுமா? எல்லாருக்கும் நிற்கணுமா? நிற்க முடியாதபோது எப்படிச் சொல்வது? வசனத்தோடு சேர்த்து, செய்முறையாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

விளக்குத்தண்டு:
மாற்கு 5:21-43-ஐ மெதுவாகப் படித்தால் நிறைய கிடைக்கும். ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள், அவன் அழைத்து இயேசு அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். 12 வயது. அது அவசரம், சந்தேகமே இல்லை. வழியில் அவர் வஸ்திரத்தைத் தொடுகிற பெண்ணுக்கோ 12 வருஷமாகப் பெரும்பாடு (நிற்காத உதிரப்போக்கு). மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அவள் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். அப்படியிருந்தும் இயேசு நிற்கிறார்.

அவள் சுகமானது 29-ஆம் வசனத்திலேயே முடிந்துவிட்டது. அவர் நடந்துகொண்டே போயிருந்தாலும் அவள் சரீரத்துக்கு வேண்டியது கிடைத்தாயிற்று. பிறகு எதற்கு "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று கேட்கிறார்? லேவியராகமம் 15:25-27-ன்படி அவள் தீட்டுள்ளவள். அவள் உட்கார்ந்த இடத்தைத் தொட்டவனும் சாயங்காலம்வரை தீட்டு. 12 வருஷம் யாரும் கிட்ட வராத ஒருத்தி. சுகமானது கூட்டத்துக்குத் தெரியாமல் போனால் அவள் அந்த ஊரில் பழைய ஆளாகவே இருப்பாள். அதனால்தான் நின்று, அவள் "உண்மையையெல்லாம்" சொல்லி முடிக்கும்வரை கேட்டு (5:33), எல்லார் முன்னும் "மகளே" என்று கூப்பிடுகிறார். சுவிசேஷங்களில் அவர் ஒரு பெண்ணை இப்படி அழைப்பது இந்தச் சம்பவத்தில்தான்.

நடைமுறைக்கு இதிலிருந்து நான் எடுப்பது: வந்தவர் கேட்ட காரியம் வேறு, அவருக்கு வேண்டிய நேரம் வேறு. காரியத்தை முடித்துக்கொடுத்து அனுப்பிவிடுவது சில சமயம் பாதி உதவிதான்.

இன்னொன்று. "மனதுருகி" என்று நம் வேதாகமத்தில் வருகிற இடங்களில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ஸ்ப்ளாங்க்னிஸோமாய். குடல், ஈரல் முதலான உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நாம் "வயிற்றைப் பிசையுது" என்கிறோமே, அதற்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. மாற்கு 6:34, லூக்கா 10:33 இரண்டிலும் இதே சொல்தான். இரண்டு இடத்திலும் உருக்கத்துக்கு முன்னால் "கண்டு" என்று இருக்கிறது. பார்க்காதவனுக்கு வயிறு பிசையாது.

திராட்சைச்செடி:
ஐயா எழுதிய அந்தக் "கண்டு" நம் அன்றாடத்தில் முதல் 10 விநாடியில் நடக்கிறது, அல்லது நடக்காமலே போகிறது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒருவர் வந்து "ஒரு நிமிஷம்" என்கிறார். நம் கை மவுஸின்மேல் இருக்கிறது. முகம் திரும்புகிறது, கை அப்படியே இருக்கிறது. வந்தவர் பார்ப்பது அந்தக் கையைத்தான். அவர் மனசுக்குள் சொல்ல வந்ததை நாலில் ஒரு பங்காகச் சுருக்கிவிடுவார். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று போய்விடுவார். நாமோ "என்னன்னு கேட்டேனே" என்று நினைத்துக்கொள்வோம்.

அதனால் முதலில் கையை எடுக்கணும். ஆனால் மனசும் கையோடு வரணுமானால் அதற்கு முன் ஒரு காரியம் உண்டு. விட்ட இடத்தை நாலைந்து வார்த்தையில் எழுதிவைப்பது. "மூணாம் பத்தி முடிஞ்சது, அடுத்தது தொகை சரிபார்க்கணும்" என்கிற அளவு போதும். ஏனென்றால் பாதியில் விட்ட வேலை மூளையில் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் பேசப் பேச நாம் உள்ளே அந்த மூணாம் பத்தியைப் பிடித்து வைத்திருப்போம். எழுதியபின் பிடித்துவைக்கத் தேவையில்லை. "ஒரு வரி எழுதிட்டு வந்துடறேன், உட்காருங்க" என்று சொல்லிவிட்டே எழுதலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் எழுதினால்தான் தப்பாகத் தெரியும்.

பிறகு உடம்பைத் திருப்புங்கள், கழுத்தை மட்டும் அல்ல. அவர் நின்றால் நாமும் எழுந்து நிற்கலாம், அல்லது அவரை உட்காரச் சொல்லலாம். சிறு பிள்ளை என்றால் குனிந்து கண் மட்டத்துக்கு வரணும். போனை மேசையில் கவிழ்த்து வைப்பதைவிடப் பார்வையில் படாத இடத்தில் வைப்பது நல்லது. கவிழ்ந்து கிடந்தாலும் அது அதிரும்போது இரண்டு பேர் கண்ணும் அங்கேதான் போகும்.

அதற்கப்புறம் இயேசு பர்திமேயு என்ற குருடனிடம் கேட்ட கேள்வி: "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்" (மாற்கு 10:51). குருடன் என்று எல்லாருக்கும் தெரிகிறது, அப்படியும் கேட்கிறார். நம் பேச்சில் "நான் கேட்டா போதுமா, இல்ல ஏதாவது செய்யணுமா?" இதைக் கேட்காததால்தான் பாதிப் பேர் ஆறுதல் தேடி வந்து ஆலோசனை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஒலிவக்கிளை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இதைத் தீர்மானிப்பது நம்முடைய பக்தி மட்டும் இல்லை, அவசரமும்தான். இதை நேராகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வு. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் 40 மாணவர்கள். ஒவ்வொருவரும் ஒரு கட்டடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்றவேண்டும். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு நல்ல சமாரியன் உவமை (வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்காக நின்று உதவியவனின் கதை). வழியில் ஒரு வாசலில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகுகிறார் (அவர் ஆய்வாளர்கள் உட்காரவைத்த ஆள்). சிலரிடம் "நேரம் இருக்கிறது" என்றும், சிலரிடம் "இப்போது போனால் சரியாக இருக்கும்" என்றும், சிலரிடம் "ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் 45. ஓடியவர்களில் 10. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நிற்காமல் போனவர்களில் பலர் உரையாற்றும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கலங்கிப்போய் இருந்தார்கள் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். கல்நெஞ்சு என்று சொல்லமுடியாது. வாசலில் முனகியவர், உரைக்காகத் தங்களை எதிர்பார்த்தவர் என்று இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்.

ஆகவே மனதுருக்கத்துக்கு ஆயத்தம் முந்தின நாளே நடக்கணும், அட்டவணையில். இரண்டு சந்திப்புக்கு நடுவில் குறைந்தது 10 நிமிஷம் வெறுமனே விடுங்கள். 30 நிமிஷத்தில் போகிற இடத்துக்கு 40 நிமிஷம் முன்னால் கிளம்புங்கள். நாளில் ஒரு மணி நேரம் எதையும் எழுதாமல் வையுங்கள். யாரும் குறுக்கே வராவிட்டால் தேங்கிய வேலைக்கு ஆகும். எழுதிவைத்த வேலைகளே நாளின் எல்லா மணியையும் அடைத்துக்கொண்டால், வருகிற ஒவ்வொருவரும் அதிலிருந்து திருடுகிற ஆள் மாதிரித்தான் தெரிவார்கள்.

மேய்ப்பன்கோல்:
அருமையான பதிவுகள். எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாகணும். குறுக்கே வந்தது எல்லாமே தேவன் அனுப்பியது என்று சிலர் போதிக்கிறார்கள். சுவிசேஷம் அப்படிச் சொல்லவில்லை.

மாற்கு 1:35-38. அதிகாலையில் இயேசு வனாந்தரத்தில் ஜெபம்பண்ணுகிறார். சீமோன் தேடிக் கண்டுபிடித்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். முந்தின சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் வாசலில் கூடியிருந்தார்கள். இன்னும் வியாதிக்காரர் இருந்திருப்பார்கள். அவர் அங்கே திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். லூக்கா 12:13-14-ல் ஒருவன் சொத்தைப் பிரித்துக்கொடுக்கச் சொல்லி நடுவில் நுழைகிறான். "என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்" என்று மறுத்துவிடுகிறார். அப்போஸ்தலர் 6-ல் விதவைகள் பந்தியில் அசட்டை செய்யப்படுகிறார்கள் என்ற முறையீடு நியாயமானது. பன்னிருவரும் அதைத் தாங்களே எடுத்துச் செய்யவில்லை, புறக்கணிக்கவும் இல்லை. 7 பேரை நியமித்தார்கள்.

ஆக, ஒருவர் வந்து நிற்கும்போது நமக்கு முன் நாலு வழி உண்டு: இப்போதே நிற்பது, நேரம் குறிப்பது, தகுந்த ஆளிடம் ஒப்படைப்பது, மறுப்பது. நாலுமே மனதுருக்கத்தோடு செய்யக்கூடியவைதான்.

பழுது பெரும்பாலும் இரண்டாவதில் வரும். "அப்புறம் பேசலாம்" என்பது நேரம் குறிப்பதாகாது. "சாயங்காலம் 6 மணிக்கு நானே கூப்பிடுறேன்" என்பதுதான் குறிப்பது. அந்த "நானே" அவசியம். கஷ்டத்தில் இருப்பவர் ஒருமுறை வாய் திறக்கவே தைரியம் திரட்டியிருப்பார். இரண்டாம் முறையும் அவரையே வரச்சொன்னால் வரமாட்டார். சொன்னதை அவர் கண்முன்னேயே எழுதிக்கொள்ளுங்கள். முடியாது என்று தெரிந்தால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" (மத்தேயு 5:37) என்பது இதற்கும் பொருந்தும்.

ஒப்படைப்பதிலும் ஒரு பிழை உண்டு. பெயரையும் எண்ணையும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். சமாரியன் செய்ததைப் பாருங்கள் (லூக்கா 10:34-35). எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் அன்றிரவு பராமரித்தான். மறுநாள் புறப்பட்டுவிட்டான். தன் பிரயாணத்தை அவன் ரத்து செய்யவில்லை. ஆனால் புறப்படும்போது சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, இவனை விசாரித்துக்கொள் என்று சொல்லி, திரும்பிவரும்போது மீதியைத் தருவேன் என்றான். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). பணம் கொடுத்தான், பொறுப்பைப் பேசி ஒப்படைத்தான், திரும்பி வருவதாகவும் சொன்னான். நாம் செய்யக்கூடியது: அந்த இன்னொருவரை நாமே அழைத்துப் பேசி, இவரை அறிமுகப்படுத்தி, மூன்று நாள் கழித்து "போனீங்களா, என்ன ஆச்சு?" என்று கேட்பது.

கடுகுவிதை:
ஐயா, நன்றி. திரும்பத் திரும்ப ஒரே ஆள், ஒரே காரியத்துக்காக வந்தால்? தினமும் ஒரு மணி நேரம் போனில் அழுகிறவர்கள் உண்டு. மறுத்தால் குற்ற உணர்வு, கேட்டால் ஒன்றும் மாறுவதில்லை.

விளக்குத்தண்டு:
கலாத்தியர் 6-ஐப் பார்க்கலாம். 2-ஆம் வசனம் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது. 5-ஆம் வசனம் "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது. தமிழில் இரண்டும் பாரம் என்பதால் முரண்போலத் தெரியும். கிரேக்கத்தில் சொற்கள் வேறு. முதலாவது பாரோஸ், அமுக்குகிற கனம். இரண்டாவது போர்த்தியோன், ஒருவன் தான் தூக்கிக்கொண்டு நடக்கிற சுமை. தொடர்ந்து வருகிறவர் விஷயத்தில் கேட்கவேண்டியது, இது எந்தப் பாரம் என்பதுதான். மரணம், வியாதி, வேலை போனது, வீட்டில் அடி வாங்குவது இவை தோள் கொடுக்கவேண்டியவை. அவரே எடுக்கவேண்டிய தீர்மானத்தை எடுக்காமல் தள்ளிப்போடுவது அவருடைய சுமை. அதை நாம் வாங்கினால் அவர் கால் இன்னும் பலவீனமாகும்.

மேய்ப்பன்கோல்:
செய்முறையாக: வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரம், 30 நிமிஷம் என்று நீங்களே முன்வந்து கொடுங்கள். "தினமும் கூப்பிடாதீங்க" என்பதைவிட "செவ்வாயும் வெள்ளியும் 7 மணி உங்களுக்கு" என்பது அவருக்குப் பிடிமானம். ஆரம்பத்திலேயே "நமக்கு 7:30 வரை நேரம் இருக்கு" என்று சொல்லிவிடணும். 7:29-க்குச் சொன்னால் விரட்டுவதுபோல் இருக்கும். முடிவதற்கு 5 நிமிஷம் முன் "அடுத்த தடவை பேசறதுக்குள்ள நீங்க செய்யப்போற ஒரு காரியம் என்ன?" என்று கேட்டு, அடுத்த அழைப்பை அதிலிருந்தே தொடங்குங்கள். நாலைந்து வாரம் ஆகியும் அந்த ஒரு காரியம் நடக்கவே இல்லையென்றால், தகுதிபெற்ற ஆலோசகரோ மருத்துவரோ தேவைப்படுகிற நிலை அது. தனி ஆளாகத் தாங்காதீர்கள். யாத்திராகமம் 18-ல் மாமனார் எத்திரோ மோசேயிடம் சொன்னதும் அதுதான்: காலைமுதல் சாயங்காலம்வரை தனியே உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்த்தால் நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள்.

இந்த எல்லைகள் எதுவும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. பேச்சில் "இனி இருந்து என்ன பயன்", "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்று வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை, மறைத்து வைத்ததைச் சொல்ல வாசல் திறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியாக விடவேண்டாம். மருந்து, பூச்சிக்கொல்லி, கூரான பொருள் எதுவும் கைக்கெட்டாமல் அகற்றுங்கள். அவர் வீட்டாரில் நம்பிக்கையான ஒருவரை வரவழையுங்கள். அந்த இடத்து அவசர உதவிக்கோ மருத்துவமனைக்கோ நீங்களே கூட நின்று கொண்டுசேருங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. ஜெபம் கூடவே நடக்கட்டும். ஜெபித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது மட்டும் வேண்டாம்.

எண்ணெய்க்குடம்:
படுக்கையில் இருக்கிற முதியவரையோ கைக்குழந்தையையோ பார்ப்பவர்களுக்குக் குறுக்கீடு எப்போதாவது வருவதில்லை, நாளே அதனால் ஆனது. அவர்களுடைய முதல் மனவேதனை ஜெபநேரம் உடைவதுதான். வேதத்தைத் திறந்தால் கூப்பிடுகிற சத்தம் வரும்.

பிரான்ஸ் நாட்டுக் கத்தோலிக்கக் குருவான வின்சென்ட் தெ பால் 1633-ல் லூயிஸ் தெ மாரியாக்குடன் சேர்ந்து ஏழைகளையும் நோயாளிகளையும் கவனிக்கிற சகோதரிகளின் சபையைத் தொடங்கினார். ஜெபவேளையில் ஏழை ஒருவருக்கு மருந்து கொண்டுபோக வேண்டியிருந்தால் தயங்காமல் போங்கள், அது தேவனுக்காகத் தேவனை விட்டுப்போவது என்று அவர்களுக்குக் கற்பித்தார். அதே சமயம் தினசரி ஜெபத்தை அவர் அவர்களுடைய ஒழுங்கிலிருந்து எடுத்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்துதான் பிடிக்கும்.

இப்படிப்பட்டவர்கள் ஜெபத்தை உடையக்கூடிய அளவில் வைத்துக்கொள்ளலாம். 30 நிமிஷத்தை ஒரே பாளமாக வைத்தால் ஒரு கூப்பாட்டில் முழுதும் போகும். 6 நிமிஷமாக 5 இடத்தில் வைத்தால் ஒன்று போனாலும் நாலு நிற்கும். ஒரு சங்கீதத்தைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, நோயாளியின் கட்டில் அருகே, தண்ணீர்ப் பாத்திரம் இருக்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவைக்கலாம். ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு வசனம் கண்ணில் படும்.

ராத்திரியில் இரண்டாம் முறை கூப்பிடும்போதே குரலில் கடுப்பு ஏறிவிடும். தூக்கம் கெட்டால் பொறுமை குறைவது உடம்பின் இயல்பு. அதைப் பாவ அறிக்கையால் மட்டும் சரிசெய்யமுடியாது. இன்னொருவருடன் முறை மாற்றி, வாரத்தில் இரண்டு ராத்திரியாவது முழுத் தூக்கம் கிடைக்க வழி செய்யணும். மாற்கு 6:31-ல் சீஷர்களுக்குச் சாப்பிடவும் சமயமில்லை என்று கண்டு இளைப்பாறக் கூப்பிட்டவர் கர்த்தரே. கூட்டம் முந்திக்கொண்டு வந்தது, 5 அப்பம் 2 மீனால் 5000 புருஷருக்குப் பந்தி நடந்தது, எல்லாம் சரி. ஆனால் 45, 46-ஆம் வசனங்களையும் வாசியுங்கள். உடனே சீஷரைப் படவில் ஏற்றி அனுப்பி, ஜனங்களை அனுப்பிவிட்டு, தாம் தனியே மலைக்குப் போனார். ஓய்வு தள்ளிப்போனது, ரத்தாகவில்லை. குறுக்கீடு எடுத்துக்கொண்ட நேரத்துக்கு அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, பதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிவக்கிளை:
அந்தப் பெண்ணுக்காக இயேசு நின்றபோது காத்திருந்த யவீருவின் பக்கத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நாம் ஒருவருக்காக நின்றால், வேறொருவர் காத்திருக்கிறார். பெரும்பாலும் அது வீட்டார். வெளியாட்களுக்கெல்லாம் இரக்கமாக நின்று, வீட்டில் பிள்ளை கதவோரம் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தே தூங்கிவிட்டால், அந்த இரக்கத்துக்கான செலவைப் பிள்ளைதான் கொடுத்திருக்கிறது.

தாமதம் ஆகும் என்று தெரிந்த அந்த நிமிஷத்திலேயே, எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். "வந்துட்டே இருக்கேன்" என்று எழுதாதீர்கள், அது உண்மை இல்லை. "ஒருத்தர் கஷ்டத்துல இருக்கார், இன்னும் 40 நிமிஷம் ஆகும், முடிஞ்சதும் வர்றேன்" என்று எழுதுங்கள். அதே ஆளையே இரண்டு முறை காக்கவைத்தாயிற்று என்றால் மூன்றாம் முறை வெளியாளுக்கு நேரம் குறியுங்கள்.

திராட்சைச்செடி:
ஆமென். ஒரு சின்ன சேர்க்கை: எரிந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் வேண்டும். அன்றைக்கே போய், காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்கணும். "வேலை டென்ஷன், அதான்" என்று சேர்த்தால், நீங்கள் வந்ததுதான் தப்பு என்று மறுபடியும் சொன்னதாக ஆகும். "காலையில நீங்க வந்தப்ப முகம் கொடுத்துப் பேசலை. மன்னிச்சுடுங்க. இப்ப சொல்லுங்க, கேக்கறேன்." இதோடு நிறுத்தி, உட்கார்ந்துவிடுங்கள்.

கடுகுவிதை:
எல்லாருக்கும் நன்றி. குழுவில் இதை எப்படி நடத்தலாம் என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். ஒரு மணி நேரம்தான் உண்டு.

விளக்குத்தண்டு:
மாற்கு 5:21-43 மட்டும் போதும், வேறு வசனம் எடுக்கவேண்டாம். மூன்று பேர் வாசிக்கட்டும்: ஒருவர் கதை சொல்பவர், ஒருவர் இயேசுவின் வார்த்தைகள், ஒருவர் மற்றவர்கள். குழுவில் ஒருவரை மட்டும் யவீருவாக எழுந்து நிற்கச் சொல்லுங்கள். அவருக்கு வசனம் எதுவும் கொடுக்கவேண்டாம். 25-லிருந்து 34 வரை அந்தப் பெண்ணின் பகுதி வாசிக்கப்படும் நேரம் முழுவதும் அவர் நின்றுகொண்டே இருக்கட்டும். 35-ல் "உம்முடைய குமாரத்தி மரித்துப்போனாள்" என்ற இடத்தில் வாசிப்பை 20 விநாடி நிறுத்துங்கள். யாரும் பேசவேண்டாம். பிறகு இயேசுவின் பகுதியை வாசிப்பவர் எழுந்து, நிற்பவர் பக்கத்தில் போய், அவரைப் பார்த்து 36-ஐச் சொல்லட்டும்: "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு."

43 வரை வாசித்து முடித்ததும் முதலில் யவீருவாக நின்றவரைப் பேசவிடுங்கள். காத்திருந்தபோது அந்தப் பெண்மேல் அவருக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். மீதி 40 நிமிஷமும் அதிலிருந்தே போகும்.